ஸ்பேனர் பிடிக்காத பையனும் ஒன்பது பகுதித் தேர்வும்

போன வருஷம் ஒரு சனிக்கிழமை, ராத்திரி பதினொரு மணிக்கு டெக்சாஸிலிருந்து அண்ணன் மகன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். அங்கேயே பிறந்து வளர்ந்த பையன், பதினெட்டு வயசு. அந்த நேரத்தில் அவன் கூப்பிட்டால் அண்ணனுக்குத் தெரியாத விஷயம் என்று அர்த்தம்.

"சித்தப்பா, நான் ஆர்மில சேரலாம்னு இருக்கேன். அப்பாகிட்ட பாதிதான் சொல்லியிருக்கேன். அம்மாகிட்ட ஒண்ணுமே சொல்லல."

அவனுக்கு ஆசை ஹெலிகாப்டர் மெக்கானிக் ஆவது. சேருவதற்கான தேர்வை எழுதிவிட்டான். மொத்த மதிப்பெண் 71, நல்ல மதிப்பெண்தான். ஆனால் மெக்கானிக் வேலைகளுக்கென்று தனியாக ஒரு மதிப்பெண் கணக்கிடுகிறார்களாம், அதில் நாலு புள்ளி குறைகிறது. "சிக்னல் வேலை எடுத்துக்கோ, அதுக்கு உன் மார்க் தாராளமா போதும்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

"ரெண்டு மூணு மணி நேரப் பரீட்சை சித்தப்பா. அத வெச்சு அடுத்த அஞ்சு வருஷம் நான் என்ன வேலை செய்யணும்னு எப்படி முடிவு பண்றாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் கண்ணு" என்று வைத்துவிட்டேன். அதற்கப்புறம் ரெண்டு மாசம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அவனுக்குச் சொன்னதையும், அவனுக்குச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் தேர்வு எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம். பெயர் ஆஸ்வாப். அமெரிக்காவின் எல்லாப் படைகளுக்கும் இதே தேர்வுதான். 1968-ல் உயர்நிலைப் பள்ளிகளில் ஆரம்பித்து, 1976-ல் எல்லாப் படைகளுக்கும் பொதுவானது. மதிப்பெண் ஒன்பது பகுதிகளுக்கு வரும்: சொற்பொருள், பத்தி படித்துப் புரிந்துகொள்ளுதல், கணக்குப் புதிர், கணிதம், பொது அறிவியல், எலக்ட்ரானிக்ஸ், கார் மற்றும் பட்டறை அறிவு, இயந்திரம் இயங்கும் விதம், துண்டுகளைப் பொருத்திப் பார்த்தல்.

இதிலிருந்து ரெண்டு விதமான முடிவு எடுக்கிறார்கள். குழப்பமே இங்கேதான் ஆரம்பம்.

ஒன்று, உள்ளே வரலாமா வேண்டாமா. இதற்குச் சொல்லும் கணக்கும் சார்ந்த நாலு பகுதிகளை மட்டும் எடுத்து, 1 முதல் 99 வரை ஒரு எண் தருகிறார்கள். ஏ.எஃப்.க்யூ.டி. என்று பெயர். பையனுக்கு 71 என்றால், அவன் வயதொத்த நூறு பேரில் 71 பேர் அளவுக்கோ அதற்கு மேலோ வாங்கியிருக்கிறான் என்று பொருள். 10-க்குக் கீழே எடுத்தவரைச் சட்டப்படி சேர்க்க முடியாது. 10 முதல் 30 வரை எடுப்பவர்களை நாலாம் பிரிவு என்பார்கள். அவர்கள் ஒரு வருஷம் சேருபவர்களில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதும் சட்டம். இந்தச் சட்டம் எப்படி வந்தது என்பது சுவாரசியமான கதை, பின்னால் வருகிறேன்.

ரெண்டாவது, உள்ளே வந்தவரை எந்த வேலையில் போடுவது. இதற்குப் பகுதிகளை வேறு வேறு விகிதத்தில் கலந்து, தரைப்படை பத்து மதிப்பெண்கள் தயாரிக்கிறது. குமாஸ்தா வேலைக்கு ஒன்று, எலக்ட்ரானிக்ஸுக்கு ஒன்று, பீரங்கிக்கு ஒன்று, இயந்திரப் பராமரிப்புக்கு ஒன்று என்று போகும். ஒவ்வொரு வேலைக்கும் இன்ன மதிப்பெண்ணில் இத்தனை வேண்டும் என்று கோடு கிழித்திருக்கிறார்கள். பையன் தட்டி விழுந்தது இந்தக் கோட்டில்.

சேர்க்கலாமா என்பது ஒரு கேள்வி. எங்கே போடலாம் என்பது வேறு கேள்வி. ஒரே தேர்வை வைத்து ரெண்டுக்கும் பதில் சொல்கிறார்கள். முதல் கேள்விக்கு அது நன்றாகவே பதில் சொல்கிறது. ரெண்டாவதில்தான் எனக்குச் சந்தேகம்.

இந்தச் சந்தேகம் எனக்கு முன்னாடியே, 1917-லேயே ரெண்டு மனிதர்களுக்கு நடுவில் வந்திருக்கிறது. அந்த வருஷம் அமெரிக்கா முதல் உலகப் போரில் நுழைந்தது. லட்சக்கணக்கில் ஆள் எடுக்க வேண்டும். உளவியலாளர்கள் உதவ முன்வந்தார்கள். ராபர்ட் யெர்க்ஸ் என்பவர் அப்போது அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவர். அவருடைய குழு, எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆல்ஃபா, தெரியாதவர்களுக்கு பீட்டா என்று ரெண்டு அறிவுத் தேர்வுகளைத் தயாரித்தது. ஏறக்குறைய 17 லட்சம் பேர் எழுதினார்கள். ஆளுக்கு ஓர் எழுத்து கிடைக்கும். ஏ வாங்கினவர் கெட்டிக்காரர், டி, இ வாங்கினவர் மந்தம்.

இன்னொருவர் வால்டர் டில் ஸ்காட். இவரும் உளவியலாளர்தான், ஆனால் கம்பெனிகளுக்கு விற்பனையாளர்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். இவருக்கு ஒருவனின் பொது அறிவு எவ்வளவு என்பதில் அக்கறையில்லை. "நான் லாரி டிரைவர்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவன் உண்மையிலேயே லாரி ஓட்டுவானா என்பதுதான் கேள்வி. இவர் குழு தொழிலுக்குத் தொழில் தனித் தேர்வு வைத்தது. அந்தத் தொழிலில் இருந்தவன் யோசிக்காமல் பதில் சொல்லிவிடும், வெளியாள் எவ்வளவு புத்திசாலியானாலும் முழிக்கும் சின்னச் சின்ன வாய்மொழிக் கேள்விகள், படத்தைக் காட்டிக் கேட்கும் கேள்விகள், அப்புறம் வேலையையே செய்து காட்டச் சொல்வது. முடிவில் புதியவர், பழகுநர், தேர்ந்த தொழிலாளி, நிபுணர் என்று நாலு நிலை.

இதைப் படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. கோயம்புத்தூரில் சின்னதாக ஒரு லேத்துப் பட்டறை வைத்திருந்தார். வேலை கேட்டு யார் வந்தாலும் பேச்சு குறைவு. ஒரு துண்டு இரும்பும் அரமும் கையில் கொடுத்து, வைஸில் மாட்டி ஒரு பக்கத்தைச் சமமாக ராவச் சொல்லுவார். பத்து நிமிஷம் கழித்து வந்து இரும்பைப் பார்க்க மாட்டார். ஆள் எப்படி நிற்கிறான், அரத்தை எப்படிப் பிடித்திருக்கிறான் என்றுதான் பார்ப்பார். ஸ்காட்டைப் பற்றி அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

போர் முடிந்ததும் ஸ்காட்டுக்கு ராணுவம் பதக்கம் கொடுத்தது. ஆனால் சரித்திரத்தில் பெயர் வாங்கியது யெர்க்ஸின் தேர்வுதான். அதில் கேட்ட கேள்விகளில் பல, அமெரிக்கக் கடைகளிலும் விளம்பரங்களிலும் பார்க்கிற பொருள்களைப் பற்றியவை. கிரிஸ்கோ என்பது மருந்தா, பற்பசையா, உணவுப் பொருளா என்று ஒரு கேள்வி. கப்பலில் வந்து இறங்கி நாலு வருஷமான இத்தாலியக் குடியானவனுக்கு அது சமையல் கொழுப்பு என்று எப்படித் தெரியும்? தெரியாதவனை மந்தம் என்று எழுதிக்கொண்டார்கள். இந்த மதிப்பெண்களை வைத்து கார்ல் பிரிகம் என்பவர் 1923-ல், எந்த நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு அறிவு குறைவு என்று ஒரு புத்தகமே எழுதினார். 1930-ல் அது தப்பு என்று அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டார். இடையில் அவர் உருவாக்கியதுதான், இன்றைக்கும் நம்ம பிள்ளைகள் எழுதுகிற எஸ்.ஏ.டி.

தேர்வே மோசம் என்று இங்கேயே முடித்துவிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அடுத்த போரைப் பற்றிப் படித்ததும் அவ்வளவு சுலபமாக முடிக்க முடியவில்லை.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப் படைக்கு ஆயிரக்கணக்கில் விமானிகள் தேவைப்பட்டார்கள். பயிற்சியில் பாதியில் கழியும் ஒவ்வொருவரும் விமானம், எரிபொருள், ஆசிரியரின் நேரம் எல்லாவற்றையும் வீணாக்குகிறார். சில சமயம் உயிரையும். ஜான் ஃப்ளானகன் தலைமையில் உளவியலாளர்கள் ஒரு தேர்வுத் தொகுதி தயாரித்தார்கள். அதில் காகிதத் தேர்வு மட்டும் இல்லை. முன்னால் விளக்குகள் மாறி மாறி எரியும், அதற்கேற்ப கையால் கைப்பிடியையும் காலால் மிதியையும் ஒரே நேரத்தில் சரிசெய்ய வேண்டும். இப்படிக் கை, கால், கண் சேர்ந்து இயங்குவதை அளக்கும் இயந்திரங்கள் இருந்தன. முடிவை 1 முதல் 9 வரை ஒரு மதிப்பாகத் தந்தார்கள். விமானிக்கு ஒன்று, வழி கணிப்பவருக்கு ஒன்று, குண்டு வீசுபவருக்கு ஒன்று என மூன்று தனி மதிப்புகள்.

1943-ல் அவர்கள் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தேர்வு வைத்துவிட்டு, மதிப்பெண்ணைப் பார்க்காமலே எல்லாரையும் விமானப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். தேர்வு உண்மையைச் சொல்கிறதா என்று பார்க்க வேறு நேர்மையான வழி கிடையாது. தோற்றவர்களையும் உள்ளே விட்டால்தான் அவர்கள் நிஜமாகவே தோற்பார்களா என்று தெரியும். நம்ம ஊர் நுழைவுத் தேர்வு எதையாவது யாராவது இப்படிச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? குறைந்த மதிப்பு வாங்கினவர்கள் பெரும்பாலும் பயிற்சியிலும் தேறவில்லை. போர்க்காலத்தின் பெரிய புள்ளிவிவரமும் இதையே சொன்னது: ஆரம்ப விமானப் பயிற்சியில், 9 வாங்கினவர்களில் நூற்றுக்கு 4 பேர் கழிந்தார்கள், 1 வாங்கினவர்களில் நூற்றுக்கு 77 பேர்.

இது சின்ன வித்தியாசம் இல்லை. ஆனால் இந்தத் தேர்வு ஏன் வேலை செய்தது என்று கவனியுங்கள். அது செய்யப்போகிற வேலையைப் போலவே இருந்தது. அப்பாவின் அரம் மாதிரி.

ஆஸ்வாப் அப்படி இல்லை. அது முழுக்கக் கேள்வி-பதில். அப்படியிருந்தும் 1976-ல் படைகள் எல்லாம் அதை நம்பி இறங்கின. இறங்கின வேகத்தில் ஒரு தப்பு நடந்தது. அந்தத் தப்புதான் எனக்கு இந்த விஷயத்தில் கிடைத்த பெரிய புதையல்.

1976 ஜனவரியில் புதிய வினாத்தாள்கள் அமலுக்கு வந்தன. எடுத்த மதிப்பெண்ணைப் பழைய அளவுகோலுக்கு மாற்றித்தரும் அட்டவணை தப்பாகப் போடப்பட்டிருந்தது. கீழ்மட்டத்தில் இருப்பவர்களுக்கு இருப்பதைவிட அதிக மதிப்பெண் காட்டியது. ஏறக்குறைய ஐந்து வருஷம், 1980 செப்டம்பர் வரை, இந்த அட்டவணைதான். 1979-ல் தரைப்படை தன் புதிய ஆட்களில் நூற்றுக்கு 9 பேர்தான் நாலாம் பிரிவு என்று கணக்குக் காட்டியிருந்தது. அட்டவணையைத் திருத்திப் பார்த்தால் 46 பேர்! சேர்ந்திருக்கவே கூடாதவர்கள் 3 லட்சத்துக்கும் மேல் சேர்ந்திருந்தார்கள். நாடாளுமன்றத்தில் பெரிய ரகளை. ஐந்தில் ஒரு பங்குச் சட்டம் அப்போது வந்ததுதான்.

விமானப்படை வேண்டுமென்று செய்த சோதனையை, இங்கே ஒரு தப்பு அட்டவணை தெரியாமல் செய்துவிட்டது. தேர்வு 'வேண்டாம்' என்று சொல்லியிருக்க வேண்டிய லட்சக்கணக்கானவர்கள் உள்ளே இருக்கிறார்கள். அவர்கள் தகுதியற்றவர்கள் என்று அவர்களுக்கும் தெரியாது, அவர்களுடைய சார்ஜென்ட்டுக்கும் தெரியாது. என்ன ஆனார்கள்?

பெரும்பாலானவர்கள் பயிற்சியை முடித்தார்கள், வேலை பார்த்தார்கள், பதவி உயர்வும் வாங்கினார்கள். ஒழுங்காகத் தேறி வந்தவர்களோடு ஒப்பிட்டால் கொஞ்சம் பின்தங்கியிருந்தார்கள், ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. பாதியில் ஓடிவிடுபவர் யார் என்பதைக் கணிக்க, தேர்வு மதிப்பெண்ணைவிட உயர்நிலைப் பள்ளியை முடித்தாரா என்பதே நல்ல அடையாளம் என்று அமெரிக்கப் படைகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. முடிக்காதவர்கள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கழிகிறார்கள். பன்னிரண்டு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்ததில் எதுவோ இருக்கிறது, அது ஆஸ்வாபில் வராது.

இதை வைத்து "பார்த்தீர்களா, தேர்வே தேவையில்லை" என்று துள்ளக் கூடாது. அதே காலத்து ராணுவத்தைத்தான் அதன் தலைமைத் தளபதி மேயர் 1980-ல், உள்ளே ஒன்றுமில்லாத ராணுவம் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். அதற்குக் காரணங்கள் பல. ஆனால் ஆட்களின் தரமும் ஒன்று. பிற்பாடு நடந்த ஆய்வுகளும் தேர்வுக்குச் சாதகமாகவே பேசுகின்றன. மூன்று பேர் கொண்ட தகவல்தொடர்புக் குழுக்களை வைத்து ராண்ட் நிறுவனம் செய்த ஆய்வில், குழுவின் சராசரி மதிப்பெண் நடுப்பிரிவின் கீழ்ப்பாதியிலிருந்து மேல்பாதிக்குப் போனபோது, கருவியை வெற்றிகரமாக இயக்கும் வாய்ப்பு 47 சதவீதத்திலிருந்து 63-க்கு ஏறியது. போர்க்களத்தில் இணைப்பு கிடைப்பதற்கும் கிடைக்காததற்கும் உள்ள வித்தியாசம் அது.

இன்னும் கசப்பான உதாரணம் வியட்நாம் காலத்தில் இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சர் மெக்நமாரா 1966-ல் தேர்வின் கீழ் எல்லையைத் தளர்த்தி, 'ஒரு லட்சம் திட்டம்' என்ற பெயரில் 1971 வரை 3 லட்சத்து 50 ஆயிரம் பேருக்கு மேல் சேர்த்தார். ஏழைப் பையன்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து முன்னேற்றப் போவதாகச் சொன்னார்கள். ஆனால் தொழிற்பிரிவுகளின் கோடுகள் அப்படியே இருந்தன. அந்தக் கோட்டைத் தாண்ட முடியாதவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் காலாட்படை. வாசலைத் திறந்து விட்டுவிட்டு உள்ளறைகளைப் பூட்டியே வைத்தால், வந்தவன் எங்கே நிற்பான்?

சரி, நம்ம பையன் பிரச்சினைக்கு வருகிறேன். அவன் 71 வாங்கியவன். அவன் கற்றுக்கொள்வானா என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எந்த வேலையைக் கற்றுக்கொள்வது என்பதுதான் கேள்வி.

விமானப்படையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ரீ, ஏர்ல்ஸ் இருவரும் 1991-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 82 வேலைகள், 78 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். பயிற்சியில் யார் நன்றாகச் செய்வார்கள் என்பதை ஆஸ்வாபின் எந்தப் பகுதி சொல்கிறது என்று பார்த்தார்கள். எல்லாப் பகுதிகளுக்கும் பொதுவாக அடியில் ஓடுகிற ஒரு பொதுத் திறன்தான் கிட்டத்தட்ட முழுவதையும் சொல்லிவிடுகிறது. அதற்குமேல் எலக்ட்ரானிக்ஸ் பகுதி எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கோ, மெக்கானிக்கல் பகுதி மெக்கானிக் வேலைக்கோ சேர்க்கும் தகவல் மிகக் கொஞ்சம் என்பது அவர்களின் முடிவு. இதை நம்பினால் பத்துத் தனித்தனி மதிப்பெண்கள், ஒரே சட்டையை பத்து ஹேங்கரில் மாட்டின கதைதான். நாலு புள்ளி குறைந்ததால் மெக்கானிக் ஆகக் கூடாது, சிக்னலுக்குப் போ என்பதற்கு அடிப்படை ரொம்பப் பலவீனம்.

எதிர்த்தரப்பும் வலுவாகவே இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஹ்யூபர்ட் பிராக்டன் என்ற ராணுவ உளவியலாளர் ஐம்பதுகளிலேயே ஒன்றைக் காட்டினார்: மதிப்பெண்கள் ஒன்றோடொன்று ஒட்டியே போனாலும், ஆட்களும் வேலைகளும் நிறைய இருக்கும்போது சின்ன வித்தியாசங்களைப் பயன்படுத்தி மாற்றி மாற்றிப் போட்டால் மொத்தத்தில் லாபம் உண்டு. பட்டறைக் கணக்கில் சொல்கிறேன். முருகேசு லேத்திலும் கெட்டி, ட்ரில்லிங்கிலும் கெட்டி. சிவா ரெண்டிலும் அவனுக்குக் கீழேதான், ஆனால் ட்ரில்லிங்கில் கொஞ்சம்தான் கீழே. முருகேசுவை லேத்திலும் சிவாவை ட்ரில்லிங்கிலும் போட்டால் பட்டறைக்கு நல்லது. இதில் தப்பே இல்லை.

ஆனால் இது பட்டறை முதலாளியின் கணக்கு. வருஷத்துக்குப் பல்லாயிரம் பேரை நூற்றுக்கும் மேற்பட்ட வேலைகளில் நிரப்புகிறவருக்குச் சராசரியில் வரும் சின்ன லாபமும் பெரிசுதான். தனி ஒருவனிடம் வந்து "நீ இதற்குப் பிறந்தவன், அதற்குப் பிறக்கவில்லை" என்று சொல்கிற தகுதி அந்தச் சராசரிக்கு இல்லை. முருகேசுவிடம் போய் "உனக்கு ட்ரில்லிங் வராது" என்று யாராவது சொன்னால் அது பொய்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எண்பதுகளில் அமெரிக்கத் தரைப்படை 'புராஜெக்ட் ஏ' என்று ஒரு மாபெரும் ஆய்வு நடத்தியது. வேலையில் திறமை என்பதை ஒரே எண்ணாக வைக்காமல் ஐந்தாகப் பிரித்தார்கள். தன் தொழில் நுட்பம், பொதுவான சிப்பாய் வேலைகள், முயற்சியும் தலைமைப் பண்பும், ஒழுக்கம், உடல் தகுதியும் தோற்றமும். ஆஸ்வாப் மாதிரியான அறிவுத் தேர்வுகள் முதல் ரெண்டோடு 0.6-க்கு மேல் பொருந்தின. இந்த அளவுகோலில் 1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் சம்பந்தமே இல்லை, ஆகவே 0.6 என்பது பெரிய எண். முயற்சிக்கு வரும்போது அது 0.31 ஆகக் குறைந்தது. ஒழுக்கத்துக்கு 0.16. அந்தக் கடைசி மூன்றையும் சுபாவத்தை அளக்கும் கேள்வித்தாள் ஓரளவு நன்றாகக் கணித்தது. ஒருவனால் முடியுமா என்று கேட்டால் ஆஸ்வாப் சொல்லும். செய்வானா என்று கேட்டால் அதற்குத் தெரியாது. ஹெலிகாப்டர் போல்ட்டை ராத்திரி ரெண்டு மணிக்கு மறுபடியும் ஒரு தடவை இறுக்கிப் பார்க்கிறவன் யார் என்பது ரெண்டாவது கேள்வி.

போர்க்கால விமானப்படை உளவியலாளர்களைப் பற்றி இந்தத் துறையில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு கதை உண்டு. "நீங்கள் எப்போதாவது பறக்கிற மாதிரி விமான பொம்மை செய்திருக்கிறீர்களா?" என்ற ஒரே கேள்வி, முழுத் தேர்வுத் தொகுதி அளவுக்கு நல்ல விமானிகளைக் கணித்ததாம். கொஞ்சம் மிகையாக இருக்கலாம். ஆனாலும் ஆசை வைத்துக் கையால் செய்து பார்த்தவன் என்பதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்பது எனக்கு நம்ப முடிகிறது.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த சமயத்தில் பையனிடம் கேட்டேன். "கார் பட்டறைக் கேள்வி எப்படி இருந்துச்சு?"

"பாதிக் கேள்வில டூல் பேரே தெரியல சித்தப்பா."

தெரியாதுதான். அபார்ட்மென்ட்டில் வளர்ந்தவன். கார் ரிப்பேர் என்றால் அண்ணன் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். வீட்டில் இருந்த ஒரே டூல், கட்டில் பொருத்துவதற்கு வந்த எல் வடிவச் சாவி. அந்தப் பகுதி சோதிப்பது இயந்திர மூளையை அல்ல, பட்டறை வாசத்தை. பெண்களுக்கு இந்தப் பகுதியிலும் எலக்ட்ரானிக்ஸ் பகுதியிலும் சராசரி குறைவாக வருவது ரொம்ப காலமாகத் தெரிந்த விஷயம். அப்பா பைக்கைப் பிரிக்கும்போது பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டது மகனையா மகளையா என்பதும் அந்த மதிப்பெண்ணுக்குள் இருக்கிறது. கிரிஸ்கோ கேள்வியின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு மாசம் கழித்துத் திரும்ப எழுதலாம் என்பது விதி. நான் சொன்ன ஒரே யோசனை இதுதான்: புத்தகம் வேண்டாம், எங்காவது ஒரு மெக்கானிக் ஷெட்டில் போய் நில். அவன் சிநேகிதனின் அப்பா ஒருவர் பழைய லாரிகளைப் பழுது பார்க்கிறவராம். நாலு சனிக்கிழமை போனான். விரல் நசுங்கின போட்டோ ஒன்று அனுப்பினான், சிரித்துக்கொண்டு. மறுதேர்வில் இயந்திரப் பராமரிப்பு மதிப்பெண் ஏழு கூடியது. நாலு சனிக்கிழமையில் பிறவித் திறன் வளராது. அப்படியானால் முதல் தடவை அளந்தது என்ன?

"நம்ம ஊர்ல எப்படி சித்தப்பா?" என்று கேட்டான். இந்திய ராணுவத்தில் வரிசையே வேறு. பொதுப்பணி, டெக்னிக்கல், கிளார்க், டிரேட்ஸ்மேன் என்று எந்தப் பிரிவு என்பதை விண்ணப்பத்திலேயே நாம் போடுகிறோம். எதற்குப் போடலாம் என்பதைப் பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண்ணும் எடுத்த பாடமும் தீர்மானிக்கின்றன. 2023-லிருந்து ஓட்டப் பந்தயத்துக்கு முன்னால் ஆன்லைன் தேர்வு வைக்கிறார்கள். ஆக இங்கே ஆசையை முதலில் கேட்கிறார்கள், ஆனால் அந்த ஆசையின் எல்லையைப் பதினாறு வயசில் எடுத்த க்ரூப் கட்டிவிடுகிறது. எது மேல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அமெரிக்க முறையில் மறுபடியும் எழுத ஒரு மாசம் காத்திருந்தால் போதும் என்பது மட்டும் பிடித்திருந்தது.

என் கணக்கு இப்படி வந்து நிற்கிறது. ஆஸ்வாப் மாதிரித் தேர்வைக் கீழ் எல்லைக்கு வைத்துக்கொள்ளட்டும். அதுகூட இல்லாமல் ஆள் எடுத்தால் என்ன ஆகும் என்பதை மெக்நமாரா காட்டிவிட்டார். அந்த எல்லையைத் தாண்டினவர்களுக்கு எந்தத் தொழில் என்பதை நாலு புள்ளி, ஐந்து புள்ளி வித்தியாசத்தில் முடிவு செய்வது, தேர்வுக்கே தெரியாத விஷயத்தை அதன் வாயில் போட்டுச் சொல்ல வைப்பது. தோற்றால் உயிர் போகும் விமானி மாதிரி வேலைகளுக்குக் கடுமையான தேர்வு வேண்டும், ஆனால் அது அந்த வேலையைப் போல இருக்க வேண்டும். மற்றதற்கு ரெண்டு வாரம் பணிமனையில் விட்டுப் பார்ப்பது செலவுதான். ஐந்து வருஷம் பிடிக்காத வேலையில் ஒருவனை வைத்திருப்பதும் செலவுதான், அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

மறுதேர்வு மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டு பையன் போனான். கோட்டைத் தாண்டிவிட்டான். ஆனால் அந்த மாதம் ஹெலிகாப்டர் மெக்கானிக் இடம் காலி இல்லையாம். உண்மையில் கடைசி வார்த்தை மதிப்பெண்ணுடையது இல்லை, கம்ப்யூட்டர் திரையில் அன்றைக்குக் காட்டுகிற காலி இடங்களின் பட்டியலுடையது என்று அவன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். லாரி மெக்கானிக் இருக்கிறது, உடனே கையெழுத்துப் போடலாம் என்றார்களாம். போனஸ் உண்டாம்.

"நீ என்ன சொன்னே?"

"ரெண்டு மாசம் வெயிட் பண்றேன்னு சொல்லிட்டேன். லாரி எனக்கு இப்பவே கொஞ்சம் தெரியும் சித்தப்பா."

அண்ணியிடம் சொல்லிவிட்டானாம். மூன்று நாள் அவள் பேசவில்லை. நாலாம் நாள், ஹெலிகாப்டர் ரிப்பேர் பண்றவங்க அதுல ஏறிப் போகணுமா, கீழேயே இருக்கலாமா என்று கேட்டாளாம். சில சமயம் போகணும் என்று சொல்வதா வேண்டாமா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.